நம் பெயர் தாங்கிய போர்க்கப்பல்

அடங்காத பிள்ளையைப் பார்த்து, “இது சரியான எம்டன்!” என்று பாட்டிமார் சொல்வார்கள் அல்லவா? அந்த எம்டன் ஒரு ஜெர்மானியக் கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. அக்டோபர் 28 விடியற்காலையில் நம் பினாங்குத் துறைமுகத்துக்கே வந்து, ஜெம்சுக் என்ற ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. பெயர் பெரிது, கப்பல் சிறிது. அதன் பீரங்கி வாய் நான்கு அங்குலத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

கடலில் யானை போல நடந்த பெரும் போர்க்கப்பல்கள் வேறு. அந்த வரிசையில் நம் நாட்டின் பெயரையே சூட்டிக்கொண்ட கப்பல் ஒன்று இருந்தது. எச்.எம்.எஸ். மலாயா. எம்டனைத் தெரிந்த நம் வீடுகளில் இதைத் தெரிந்தவர்கள் குறைவு. அதற்குப் பணம் கட்டியதே இந்த நாடுதான் என்றால் இன்னும் வியப்பாக இருக்கும்.

1912இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்களின் பெயரால் ஒரு போர்க்கப்பலைப் பிரிட்டனுக்கு அன்பளிப்பாகத் தருவதென்று முடிவாயிற்று. செலவு இருபது இலட்சம் பவுனுக்கு மேல். பணம் எங்கிருந்து வந்தது? ஈயத்துக்கு வரி, ரப்பருக்கு வரி, ரயில்வே வருமானம், அபின் வருமானம். ஒப்பந்தக் கூலி முறையை நிறுத்த 1910இல்தான் உத்தரவு வந்திருந்தது. பால்மரம் வெட்டியவருக்கும் தண்டவாளம் போட்டவருக்கும் நாள் கூலி ஒரு வெள்ளியை எட்டாத காலம் அது. முடிவு செய்த சபையில் தமிழர் ஒருவர்கூட இல்லை. கப்பல் வாங்கலாமா என்று நம் தாத்தாக்களை யாரும் கேட்கவில்லை.

சரி, வாங்கிக் கொடுத்த கப்பல் எப்படிப்பட்டது? அதில் எட்டுப் பெரிய பீரங்கிகள். ஒவ்வொன்றின் வாயும் 15 அங்குலம். ஒரு முழத்துக்கு மூன்று அங்குலம் குறைவு. ஒரு குண்டின் எடை 871 கிலோ. ரப்பர் ஆலையில் 33 கிலோவுக்குக் கட்டுகிறார்களே பேல், அதில் 26 பேல்களைச் சேர்த்துத் தூக்கி எறிவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இதே அச்சில் வார்த்த சகோதரக் கப்பல்கள் நான்கு: குவீன் எலிசபெத், வார்ஸ்பைட், பார்ஹம், வேலியண்ட்.

1916 மே 31. டென்மார்க்குக்கு மேற்கே ஜட்லாந்துக் கடற்போர். குவீன் எலிசபெத் பழுதுபார்ப்பில் இருந்தது. மற்ற நான்கும் போனால் நம் கப்பல் வரிசையின் கடைசி. நான்கு மாநிலக் கூட்டரசின் வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்புக் கொடி அதில் பறந்தது. கடைசியாக வருகிறவனுக்குத்தானே அடி அதிகம் விழும்? அணி திரும்பியபோது எதிரியின் பீரங்கிகள் மலாயாவைக் குறிவைத்தன. எட்டுக் குண்டுகள் பட்டன. வெடிமருந்து தீப்பற்றி வலப்பக்கச் சிறு பீரங்கித் தளமே எரிந்தது. காயத்தால் பின்னர் இறந்தவர்களையும் சேர்த்து 65 பேர் பலி.

திருப்பிக் கொடுத்தது எவ்வளவு? அன்று பார்ஹம் 337 பெரிய குண்டுகளும், வேலியண்ட் 288உம், வார்ஸ்பைட் 259உம், மலாயா 215உம் சுட்டன. மொத்தம் 1,099. எதிரியின் மேல் பட்டவை ஏறக்குறைய 29. நூற்றுக்கு மூன்றுகூட இல்லை! சிரிக்க வேண்டாம். சுடுகிற கப்பலும் ஓடுகிறது, குறியும் ஓடுகிறது, நடுவே புகையும் மூட்டமும். ஒரு சுற்றுச் சுட்டு, தண்ணீர் எழும்புவது முன்னேயா பின்னேயா என்று பார்த்து, திருத்தி, மறுபடி சுட வேண்டும். அந்த 29இல் பெரும்பகுதி பார்ஹம், வேலியண்ட் கணக்கில் சேரும். பெயர்ப் பாசத்துக்காக மலாயாவைச் சிறந்த குறிகாரன் என்று எழுத எனக்கு மனமில்லை.

இந்தக் கப்பல் 1921 தொடக்கத்தில் பணம் கட்டியவர்களைப் பார்க்க வந்தது. அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் இருந்த நம் கிள்ளான் துறைமுகத்துக்கும் வந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் துருக்கியின் கடைசி சுல்தானை நாடு கடத்தி ஏற்றிப் போனதும் இதே மலாயாதான்.

இனிச் சொல்லப் போவதுதான் முக்கியமான சங்கதி. தோட்டத்தில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துப் பாருங்கள். நுனியை ஓரளவு வரை நிமிர்த்த நிமிர்த்தத் தண்ணீர் தூரத்தில் விழும். பீரங்கியும் அப்படித்தான். 1930களில் வார்ஸ்பைட்டைப் பிரித்துக் கட்டி, அதன் பீரங்கிகள் 30 பாகை நிமிரும்படி செய்தார்கள். மலாயாவிலும் பழுது பார்த்தார்கள், விமானம் வைக்கக் கொட்டகை போட்டார்கள். பீரங்கிகளோ பழைய 20 பாகையிலேயே நின்றுவிட்டன. கிள்ளான் பட்டணத்தில் நிறுத்திச் சுட்டால் வார்ஸ்பைட்டின் குண்டு பிரிக்பீல்ட்ஸ் வரை வரும். மலாயாவின் குண்டு பெட்டாலிங் ஜெயாவிலேயே விழுந்துவிடும்.

1940 ஜூலை 9, இத்தாலியக் கரைக்கு அப்பால் கலாப்ரியாப் போரில் இது வெட்டவெளிச்சமாயிற்று. வார்ஸ்பைட் ஏறக்குறைய 24 கிலோமீட்டர் தூரத்திலிருந்து ஜூலியோ செசாரே என்ற இத்தாலியக் கப்பலை அடித்தது. ஓடும் கப்பலிலிருந்து ஓடும் கப்பலை அவ்வளவு தூரத்தில் அடித்தது இன்றும் சாதனைப் பட்டியலில் இருக்கிறது. கூடவே போன மலாயாவும் சுட்டது. குண்டுகள் எட்டாமல் கடலில் விழுந்தன. பீரங்கி ஒன்றே, குண்டு ஒன்றே. பத்துப் பாகைதான் வித்தியாசம்.

ஆனாலும் ஒரு நல்ல நாள் உண்டு. 1941 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கடலில் வணிகக் கப்பல் கூட்டத்துக்கு மலாயா காவல் போனது. ஷார்ன்ஹார்ஸ்ட், நைசனாவ் என்ற இரண்டு ஜெர்மானிய வேட்டைக் கப்பல்கள் வந்தன. அவற்றின் பீரங்கி 11 அங்குலம். மலாயாவைக் கண்டதும் திரும்பிப் போய்விட்டன. ஒரு பெரிய குண்டுகூடச் செலவாகாமல் அந்த இரண்டு கப்பல்களிடமிருந்தும் வணிகக் கப்பல் கூட்டம் தப்பியது. என் கணக்கில் அதன் மிகப் பெரிய வெற்றி இதுவே. அதே மாதம் 20ஆம் தேதி நீர்மூழ்கி ஒன்று டார்பிடோவால் அடித்ததில் பழுதாகி, நியூயார்க் போய்ச் சேர்ந்தது.

அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் நம் கரையில் இறங்கியபோது நம் பெயர் தாங்கிய கப்பல் எங்கே? நவம்பரில் அது ஜிப்ரால்டர் படையோடு இருந்தது. இந்தக் கரையைக் காக்க அது ஒரு நாளும் சுட்டதில்லை. இங்கே வந்தவை பிரின்ஸ் ஆப் வேல்ஸும் ரிப்பல்ஸும். பிரின்ஸ் ஆப் வேல்ஸ் லேசுப்பட்டதல்ல. அவ்வாண்டு மே மாதம் பிஸ்மார்க்கை மூன்று முறை அடித்து எண்ணெய் ஒழுக விட்ட கப்பல். 14 அங்குலப் பீரங்கி பத்து. டிசம்பர் 10 முற்பகலில் குவாந்தானுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் சூழ்ந்தன. அந்தப் பத்துப் பீரங்கியும் வானத்துக்கு உதவவில்லை. பிற்பகல் ஒன்றரைக்குள் இரண்டு கப்பலும் கடலுக்கடியில்; 840 பேர் மாண்டார்கள். காவல் விமானங்கள் வந்தபோது காக்கக் கப்பல் இல்லை. 1942 ஜனவரி 11 கோலாலம்பூர் விழுந்தது. பிறகு தோட்டங்களிலிருந்து எத்தனை பேர் சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பவில்லை என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள்.

மலாயாவை 1948இல் ஸ்காட்லாந்தின் பாஸ்லேன் கரையில் பழைய இரும்பாக உடைத்தார்கள். அதன் நினைவு ஒன்று இத்தாலியில் இருக்கிறது. 1941 பிப்ரவரி 9 மலாயாவும் மற்றக் கப்பல்களும் ஜெனோவா நகரைச் சுட்டதில் ஊர் மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மலாயாவின் குண்டு ஒன்று புனித லாரன்சு பேராலயத்தின் சுவரைத் துளைத்து உள்ளே விழுந்தது, வெடிக்கவில்லை. அதே ரகக் குண்டு ஒன்றை ஆலயத்துக்குள் ஓர் ஓரமாக, விவரம் எழுதிய கல்வெட்டோடு நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.