எருவிட்டவன் யார்? அறுப்பவன் யார்?

சேதனப் பசளை என்ற பேச்சு எழுந்ததும் எம்மவர் இரு அணிகளாகப் பிரிந்துவிடுகின்றனர். ஓரணியினர் பாட்டன் பூட்டன் காலத்துக் கமத்தைப் பொற்காலமெனப் போற்றி, யூரியாவை நஞ்செனச் சாடுவர். மற்றைய அணியினர் 2021ஆம் ஆண்டின் அனுபவத்தைச் சுட்டிக்காட்டி, இயற்கைக் கமம் வயிறு நிறைந்தோரின் பொழுதுபோக்கு எனக் கூறி நகைப்பர். எமது விடுதியில் ஓரிரவு முழுவதும் நீடித்த வாதமொன்றிலும் இவ்விரு குரல்களே ஒலித்தன. இரு சாராரும் பசளையைப் பற்றி விரிவாகப் பேசினர். அப்பசளை இடப்படும் நிலம் எவருடையது என்று ஒருவரேனும் வினவவில்லை. கிளிநொச்சியில் வயல் வரம்பில் நடந்து வளர்ந்தவன் என்ற வகையில், இம்மௌனமே இவ்விவாதத்தின் பெருங்குறை என்பேன்.

நடந்ததை முதலில் நினைவுகூர்வோம். 2019ஆம் ஆண்டுத் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷ, பத்தாண்டுகளில் நாட்டின் கமத்தைச் சேதன முறைக்கு மாற்றுவதாக வாக்களித்தார். அப்பத்தாண்டு சில வாரங்களாகச் சுருங்கிற்று. 2021 மே மாதத்து வர்த்தமானி இரசாயனப் பசளை, பீடைகொல்லி ஆகியவற்றின் இறக்குமதியைத் தடைசெய்தது. நாட்டில் அந்நியச் செலாவணி வற்றிக்கொண்டிருந்த வேளை அது. சுற்றாடல் பற்று எவ்வளவு, டொலர்த் தட்டுப்பாடு எவ்வளவு என்பதை வாசகர் தாமே நிறுத்துப் பார்க்கலாம். சீனாவிலிருந்து வரவழைக்கப்பட்ட சேதனப் பசளையின் மாதிரிகளில் தீங்கு தரும் பற்றீரியா காணப்பட்டதாகத் தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவையினர் அறிவித்தனர். கப்பல் திருப்பப்பட்டது. ஆயினும் 2022 ஜனவரியில் 67 இலட்சம் டொலரை மக்கள் வங்கி செலுத்த நேர்ந்தது. 2021 நவம்பரில் தடை நீக்கப்பட்ட போதிலும், காலபோக விதைப்பு அதற்குள் முடிந்துவிட்டது. நெல்லில் ஏறத்தாழத் தன்னிறைவு கண்டிருந்த நாடு மீண்டும் அரிசியை இறக்குமதி செய்தது.

இத்தோல்வி சேதன முறையின் தோல்வியா? கணக்கறியாதோரே அவ்வாறு கூறுவர். ஐம்பது கிலோ யூரியா மூடையொன்றில் இருபத்துமூன்று கிலோ நைதரசன் உண்டு. உலர்ந்த மாட்டெருவிலோ நூற்றுக்கு ஒரு பங்கு அளவிலேயே அது காணப்படும். ஆகவே ஒரு மூடையின் இடத்தை நிரப்ப இரண்டு தொன்னுக்கும் மேற்பட்ட எரு வேண்டும். ஓர் ஏக்கர் நெல்லுக்கோ ஒரு மூடை போதாது. இதனினும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. எருவிலுள்ள நைதரசன் அனைத்தும் இட்ட போகத்திலேயே பயிரைச் சென்றடைவதில்லை. நுண்ணுயிர்கள் அதனைச் சிறிது சிறிதாகவே விடுவிக்கின்றன. எஞ்சியது அடுத்த போகத்திற்கும் அதற்கடுத்த போகத்திற்கும் உரியது. யூரியா இவ்வாண்டுப் பயிருக்கு இடப்படுவது. எருவோ வரும் ஆண்டுகளின் மண்ணுக்கும் சேர்த்து இடப்படுவது. வன்னியின் வெப்பத்தில் சேதனப் பொருள் விரைவில் சிதைந்துவிடுமாதலின், ஒருமுறை இட்டு ஓய்ந்துவிடவும் இயலாது.

சிக்கிம் என்னும் இமயமலை மாநிலம் இதனை உணர்ந்திருந்தது. 2003ஆம் ஆண்டில் சேதன முறைக்கு மாற முடிவுசெய்து, பசளை மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, ஏறத்தாழ 75,000 ஹெக்டேயர் நிலத்துக்குச் சான்றளித்து, 2016ஆம் ஆண்டிலேயே முழுமையான சேதன மாநிலமெனப் பிரகடனம் செய்யப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகள்! அதுவும் முன்னரே இரசாயனப் பசளையை மிகக் குறைவாகப் பயன்படுத்திய மலைச்சாரல் நிலத்தில். அம்மாநிலம் தனக்கு வேண்டிய அரிசியிற் பெரும்பகுதியை வெளியிலிருந்தே பெறுகின்றது என்பதையும் மறைத்தலாகாது.

காலம் வேண்டும் என்பதில் இனி எவருக்கும் ஐயமிராது. ஆயின் அக்காலம் எவருக்கு வாய்க்கும்? அடுத்த போகத்திலும் அதே வயலில் நிற்பேன் என்ற உறுதி உடையவனுக்கே வாய்க்கும். கிளிநொச்சியில் அவ்வுறுதி உடையோர் எத்துணைப் பேர்?

கனகராயன் ஆற்றை மறித்து எழுந்த இரணைமடுக் குளத்தின் கீழ்க் குடியேற்றத் திட்டங்கள் அமைந்தன. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டன. பிற்காலத்தில், 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் விரட்டப்பட்ட மலையகத் தமிழர் வன்னிக்கு வந்தனர். மலைச்சரிவில் பிறர் காணியிலே தேயிலைக் கொழுந்து பறித்த கைகள் இங்கே காட்டை வெட்டிக் காணியாக்கின. எனது பாட்டியார் அக்கைகளுக்கு உரியவர். அவ்வாறு வந்தோரிற் பலர் வாய்க்கால் நீர் எட்டாத மேட்டுநிலத்திலேயே அமர்ந்தனர். வயல் வேண்டுமாயின் குத்தகைக்கே எடுக்க வேண்டியவராயினர். போர் முடிந்த பின்னரோ, காணிச் சொந்தக்காரர் பலர் யாழ்ப்பாணத்திலும் கடல்கடந்தும் இருக்க, அவர்தம் வயல்கள் போகத்துக்குப் போகம் வாய்ச்சொல்லாற் கைமாறுகின்றன. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகைக் கமக்காரனுக்குப் பாதுகாப்பளிக்க எழுந்ததே. ஆயின் எழுத்திலில்லாத குத்தகையை எச்சட்டத்தின் முன் நிறுத்துவது?

எமது வீட்டு நிகழ்ச்சியொன்றை இங்குக் கூற வேண்டியுள்ளது. என் தந்தையார் குத்தகைக்கு எடுத்த இரண்டேக்கர் வயலில், பசளை கிடைக்காத அவ்வாண்டில், வேறு வழியின்றி எருவில் இறங்கினார். அயலிலுள்ள பட்டிக்காரரிடம் எரு வாங்கி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி இறக்கினார். வேலியோரக் கிளிசீரியாக் குழையை வெட்டித் தாழ்த்தார். மற்றையோர் வைக்கோலை எரிக்க, அவர் அதனை மடித்து உழுதார். முதற்போகம் பதர். பாட்டியார் ஒரு சோடிக் காப்பை அடைவு வைத்தார். யூரியா மீண்டும் கிடைக்கத் தொடங்கிய பின்னரும் அவர் எருவைக் கைவிடாது, மூடையின் தொகையைக் குறைத்தார். நான்காம் போகத்தில் மண் கறுத்தது; உழும்போது மண்புழு தென்பட்டது; கொக்குகள் கலப்பையின் பின்னே நிரையாக நடந்தன. விளைச்சல் அயல் வயலை எட்டிற்று. அதனைக் கண்ணுற்ற காணிக்காரர் அடுத்த போகத்துக்கு வயலைக் கூடிய விலை பேசிய வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். மண் வளம்பெற்றதற்கு எமக்குக் கிடைத்த கூலி அதுவே. அவரை நான் கொடியவர் என்று கூறேன். வளமான மண்ணுக்கு விலை கூடும் என்ற சந்தை நியதிப்படியே அவர் நடந்தார். அந்நியதி எரு இட்டவனைத் தண்டித்து, மண்ணைச் சுரண்டியவனை இலாபத்தோடு வெளியேற விடுகின்றது என்பதே என் குற்றச்சாட்டு.

முன்னோர் பெருமை பேசும் அணியினர் இதற்கு யாது விடை கூறுவர்? மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் விளைந்த காலத்தில் அறுவடை முடிந்த வயலில் மாட்டுப்பட்டி அடைக்கப்பட்டது. சாணமும் சலமும் அவ்விடத்திலேயே வீழ்ந்தன. அது நாட்டுப்பற்றினால் விளைந்ததன்று. மேய்ச்சற்றரை இருந்தமையால் விளைந்தது. இன்று தரை சுருங்க, பட்டிகள் குறைந்துவருகின்றன. மேலும், பத்தலகொடை முதலிய ஆராய்ச்சி நிலையங்கள் தந்த குட்டை நெல்லினங்கள் மிகுந்த நைதரசனை உண்டு விளைவதற்கென்றே உருவாக்கப்பட்டவை. விதையை மாற்றாது, மாட்டையும் தரையையும் மீட்காது, பசளையை மட்டும் பழைமைக்குத் திருப்புக என்பது குதிரையை விற்றுவிட்டுக் கடிவாளத்தைப் போற்றுவதை ஒக்கும்.

பெண்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. போரினால் துணையிழந்து தனித்து வீட்டைச் சுமக்கும் பெண்கள் நிறைந்த மாவட்டம் எம்முடையது. 1935ஆம் ஆண்டுச் சட்டமோ, வாரிசின் பெயர் குறிக்கப்படாதவிடத்து மகளுக்கு முன் மகனையே வைத்தது. அப்பாரபட்சம் 2022ஆம் ஆண்டிலேயே திருத்தப்பட்டது. வீட்டுத்தோட்டத்தின் கூட்டெருக் குழியைப் பெரும்பாலும் கிளறுவோர் எவரென்று எமக்குத் தெரியும்; காணியின் பெயர் எவரிடம் இருந்தது என்பதும் தெரியும்.

சொந்தக் காணி உள்ளோரும் யூரியாவைத்தானே கொட்டுகின்றனர் என நண்பரொருவர் என்னை மடக்கினார். மெய்தான். கடனும் சந்தையும் அவரையும் ஒரு போகத்துக்கு அப்பால் நோக்க விடுவதில்லை. காணியுரிமை மட்டும் மண்ணைக் காத்துவிடும் என்று நான் வாதிக்கவில்லை. அஃதின்றிக் காத்தல் இயலாது என்றே வாதிக்கின்றேன். சோவியத் ஒன்றியம் 1991ஆம் ஆண்டில் உடைந்து பசளை வரவு நின்றபோது, கியூபா 1993இல் தன் பெரும் அரச பண்ணைகளைக் கூட்டுறவுகளாகப் பிரித்து, அந்நிலத்தை அனுபவிக்கும் உரிமையை உழைப்போரிடம் ஒப்படைத்தது. எமது ஆட்சியாளரோ பசளையைப் பறித்தனர். காணியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

எமது பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரிலேயே அமைந்துள்ளது. அங்கே மண்ணின் சேதனக் காபனை அளக்கின்றனர், அப்பணி போற்றற்குரியது. அவ்வளவீட்டுத் தாளில், இந்நிலத்தை உழுபவர் எத்தனை போகமாக உழுகின்றார், அடுத்த போகத்திலும் உழுவாரா என்ற இரு நிரல்களையும் சேர்க்குமாறு விரிவுரையாளர்களை வேண்டுகின்றேன். கலைப்பீடத்தாராகிய நாமோ காணிக் கச்சேரிகளிலும் கமநல சேவை நிலையங்களிலும் குத்தகைக் கமக்காரரோடு சென்று நிற்கலாம். ஐந்தாண்டுக்குக் குறையாத எழுத்துமூலக் குத்தகை, வளமேறிய மண்ணை விட்டு நீங்குவோனுக்கு இழப்பீடு, மேட்டுநிலக் குடிகளுக்கு உறுதி, பட்டிகளுக்குத் தரை என்பன எமது கோரிக்கைகளாதல் வேண்டும்.

தந்தையார் இம்முறை வேறொரு வயலை ஒரு போகத்துக்கு எடுத்துள்ளார். விறாந்தையில் யூரியா மூடைகள் அடுக்கப்பட்டுள்ளன. முற்றத்து எருக் குவியலை வயலுக்கு ஏற்றவா என்று வினவினேன். வேண்டாம், வளவுக்குள் நிற்கும் வாழைக்குப் போடு என்றார்.