பத்து மணி நேரம்கூட நாம் தரவில்லை

ஜி.டி. நாயுடு 1920-ல் தன் முதல் பஸ்ஸைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். முதலாளியும் அவர்தான், டிரைவரும் அவர்தான். அந்தப் பாதையின் நடுவில் இருக்கிறது நம் ஊர் உடுமலைப்பேட்டை. கொங்கு நாட்டின் மோட்டார் கதை நம் வாசலில் தொடங்கியது என்று மேடை கிடைத்தால் சொல்லிக்கொள்கிறோம். 1931-ல் பொள்ளாச்சி நாச்சிமுத்துக் கவுண்டர் தொடங்கிய ஆனைமலைஸ் பஸ் கம்பெனியையும் கூடவே சேர்த்துக்கொள்கிறோம். கியர் செய்ய சாந்தி கியர்ஸ், பந்தயத்துக்கு நரேன் கார்த்திகேயன், பந்தயத் தடத்துக்குச் செட்டிபாளையம் என்று பெருமை பேச நமக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கியர் வண்டியை ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொடுத்தோமா என்றால், இல்லை. அதை நம் வாயாலேயே சொல்லிவிடலாம்.

லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தோம், அது வேறு. டிரைவிங் ஸ்கூல் படியேறியதும் நாம் கேட்ட முதல் கேள்வி, "ஏனுங்க, லைசென்ஸ் எத்தன நாள்ல கைக்கு வரும்?" என்பதுதான். ஓட்ட வருவதற்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்கவில்லை. கேட்டதை அவர்களும் கொடுத்தார்கள். அவர்கள் மேல் பழியைப் போட நமக்கு யோக்கியதை கிடையாது.

காலை நேரத்தில் ஏதாவது ஒரு பரம்பிக்குளம்-ஆழியாறு (பிஏபி) வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் நின்று பாருங்கள். எல் போர்டு மாட்டிய கார் பாதி ஏற்றத்தில் நிற்கும். பின்னால் தேங்காய் ஏற்றிய டெம்போ. ஓட்டுகிற பெண் கிளட்ச்சை விடுவாள். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி ஆஃப் ஆகும். மறுபடி சாவி, மறுபடி குலுக்கல். டெம்போக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார். "பதறாத கண்ணு, ஸ்டியரிங்கப் புடிச்சுக்கோ, ஆக்ஸிலேட்டர மட்டும் மெதுவாக் குடு அம்மணி" என்பார் மாஸ்டர். வண்டி துளியும் வழுக்காமல் ஏறிப் போய்விடும். அந்தப் பெண் சிரிப்பாள். ஏற்றியது அவள் இல்லை. மாஸ்டரின் காலடியில் இருக்கிற இன்னொரு கிளட்ச்சும் பிரேக்கும். அதே பாலத்தில் இன்னும் இரண்டு தடவை நிறுத்தி எடுக்கச் சொன்னால் அவளுக்கே பிடிபட்டுவிடும். பின் சீட்டில் மூன்று பேர் முறைக்குக் காத்திருக்கிறார்களே! நாம் கட்டிய காசுக்கு அவ்வளவுதான்.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-வது விதியைப் படித்தால் நமக்கே கூச்சம் வரும். டெஸ்ட்டுக்கு வருபவர் செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுத்துக்காட்ட வேண்டும் என்று அதில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அப்படி எடுத்துக்காட்டி லைசென்ஸ் வாங்கினோம்? சமதரையில் முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம், வீட்டுக்கு வரும் வழியில் கால் கிலோ மைசூர்பா. வேலை சுலபமாக முடிந்ததே என்று சந்தோஷப்பட்டோம்.

இத்தனைக்கும் நம்முடையது மலையடிவாரத்து ஊர். தெற்கே ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டினால் சின்னாறு, மறையூர், மூணாறு. மேற்கே ஆழியாறு போனால் வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கு என்பது மலைப்பாதை டிரைவர்களின் பாலபாடம். சின்ன கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது என்ன? "எறக்கத்துல நியூட்ரல்ல உட்டா பெட்ரோல் மிச்சம்." அந்த மிச்சமும் பொய்க்கணக்கு. இப்போதைய வண்டிகளில் கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினுக்குப் போகிற பெட்ரோலே நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் சும்மா ஓடுவதற்கென்று எரிகிறது. நாலு காசு மிச்சம் பிடிக்கிறோம் என்று பிள்ளைகளின் உயிரோடு விளையாடியிருக்கிறோம்.

கிளட்ச் எதற்கு இருக்கிறது என்பதையாவது சொன்னோமா? நிற்கிற வண்டியில் இன்ஜின் நிமிஷத்துக்குச் சுமார் எண்ணூறு சுற்று சுற்றிக்கொண்டிருக்கிறது, சக்கரமோ அசையவில்லை. இரண்டையும் சட்டென்று சேர்த்தால் சுற்றுகிறது நின்றுபோகும். கொஞ்சம் கொஞ்சமாக உரசவிட்டுச் சேர்ப்பதுதான் கிளட்ச் பிளேட்டின் வேலை. பாதி விட்ட இடத்தில் வண்டி லேசாகத் துடிக்கும், முன்பக்கம் ஒரு விரற்கடை நிமிரும், இன்ஜின் சத்தம் கனக்கும். அந்த இடம் காலுக்குத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்த நம் தாத்தாக்களுக்கு, மாடுகள் சரிவில் இறங்கும்போது எந்த இடத்தில் வடத்தின் மேல் ஏறி உட்கார வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே தெரியும். அந்த மாதிரி அறிவு இது. கியர் வண்டியின் கவர்ச்சியே இதில்தான் இருக்கிறது. மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்குகிற நேரத்தைக் காது சொல்லும், கை செய்யும். மீட்டரைப் பார்க்க வேண்டியதே இல்லை. (உடுமலையைச் சுற்றி நிற்கிற காற்றாலைகளில் பெரும்பாலானவற்றின் உச்சியிலும் ஒரு கியர்பாக்ஸ் இருக்கிறது. அங்கே வேலை தலைகீழ்: மெதுவாகச் சுற்றுகிற இறக்கையை வைத்து ஜெனரேட்டரை வேகமாகச் சுழற்ற வேண்டும். தினமும் அதன் அடியில் போகிற பிள்ளைகளுக்கு அதையும் நாம் காட்டவில்லை.)

இந்த அறிவு நம் பக்கத்திலேயே இருந்தது. ஆக்டிங் டிரைவர் என்று சொல்லிக் கூப்பிட்டோமே, அவர்களிடம். மடியில் தூங்குகிற குழந்தை முழிக்காமல் நாற்பது வளைவையும் இறக்கிக் காட்டினவர்கள் அவர்கள். லாரியில் கிளீனராகச் சேர்ந்து, வருஷக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றவர்கள் அவர்களில் பலர். பழைய லாரிகளில் ஒரு கியர் இறக்குவதற்கு இரண்டு தடவை கிளட்ச் மிதிக்க வேண்டும். நடுவில் நியூட்ரலுக்கு வந்து ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டிச் சுற்றைச் சமன் செய்ய வேண்டும். தப்பினால் கியர் கரகரவென்று கத்தும். அதை ராத்திரி முழுக்கச் செய்தவர்களை நாம் "டிரைவர்தானே" என்றோம். கல்யாண மண்டபத்தில் நம் ஆட்கள் எல்லாரும் கை கழுவிய பிறகு கடைசிப் பந்தியில் உட்காரவைத்தோம். "எங்க பையனுக்கு ஒரு வாரம் கூட உக்காந்து சொல்லிக் குடுங்கண்ணா" என்று கேட்கத் தோன்றவில்லை. அது ஒரு படிப்பு என்கிற மதிப்பே நமக்கு இல்லை.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் செய்தது இன்னும் மோசம். பையனை மீசை முளைக்கும் முன்பே டிராக்டரில் ஏற்றினோம். அது சட்டப்படி தப்பு, அதையும் பெருமையாகச் சொன்னோம். பெண்ணுக்கு ஸ்கூட்டி போதும் என்றோம். கார் வேண்டுமென்றால் கட்டிக்கிறவன் ஓட்டட்டும். 1993-லேயே குமரி மாவட்டத்து வசந்தகுமாரி அரசு பஸ் ஓட்ட வந்துவிட்டார். 2023-ல் கோவையில் ஓர் இளம்பெண் தனியார் பஸ் ஓட்டியபோது வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினோம். அனுப்பின கையோடு, "கார் சாவியக் குடுங்கப்பா" என்று கேட்ட மகளிடம் "உனக்கெதுக்கு அம்மணி?" என்றும் சொன்னோம்.

இப்போது ஆட்டோமேட்டிக் வந்துவிட்டது. 2014-ல் மாருதி செலேரியோ வந்த பிறகு சின்ன காரிலேயே கிளட்ச் பெடல் இல்லாமல் போயிற்று. அதில் ஒரு குறையும் இல்லை. முழங்கால் வலிக்காரர்களுக்கும் கோவை அவிநாசி ரோட்டில் தினமும் போகிறவர்களுக்கும் அது வரம். ஆனால் "இனிமே கிளட்ச்சே கிடையாது, எதுக்குக் கத்துக்கணும்?" என்று நாம் சொல்கிறபோது, கற்றுக்கொடுக்காத குற்றத்தை மெஷின் மேல் இறக்கிவைக்கிறோம். பிரிட்டனில் ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் கொடுத்தால் ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டலாம். நம் சட்டம் இருசக்கர வண்டிகளை கியர் உள்ளது, இல்லாதது என்று பிரிக்கிறது. காரை அப்படிப் பிரிப்பதில்லை. எதில் கற்றாலும் எல்லாம் ஓட்டலாம். அந்த ஆட்டோமேட்டிக் லீவரிலும் 'எம்' என்றோ 'எல்' என்றோ ஒரு இடம் பெரும்பாலும் இருக்கும். மலை இறங்கும்போது சின்ன கியரில் நிறுத்திவைக்கத்தான் அது. கியர் என்றால் என்னவென்று தெரியாதவன் அதைத் தொடவே மாட்டான்.

டிரைவிங் ஸ்கூலில் கியர்பாக்ஸ் ஒன்றைப் பார்வைக்கு வைத்திருக்க வேண்டும் என்று அதே 1989 விதிகள் சொல்கின்றன. கார் பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது, அதில் வண்டி ஓட்டுவது 10 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்று 31-வது விதி சொல்கிறது. அடுத்த தடவை பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது அந்த கியர்பாக்ஸ் எங்கே என்று கேளுங்கள். முடித்து வந்த பிள்ளையிடம், பத்து மணி நேரம் ஸ்டியரிங் உன் கையில் இருந்ததா என்று கேளுங்கள். இல்லை என்றால், மிச்ச நேரத்தை இன்னொரு தடவை காசு கட்டியாவது வாங்கிக் கொடுங்கள். மகளுக்கு முதலில்.