இரவல் துப்பாக்கி

சியாங் கை ஷேக்கின் சீனப் படைக்கு ஆயுதம் தருவதாக 1941-இல் அமெரிக்கா வாக்களித்தது. 1942-இல் பர்மா வீழ்ந்தது, தரைவழி அடைபட்டது. அசாமிலிருந்து மலை தாண்டிப் பறக்கும் விமானமே கதி! அந்த ஜூனில் எகிப்தில் பிரிட்டனுக்கு நெருக்கடி என்றதும், இந்தியாவிலிருந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அங்கே திருப்பப்பட்டன. சியாங் சீறினார், மாதம் 5,000 டன் தளவாடம் கேட்டார். பீகாரின் ராம்கர் முகாமில் சீன வீரருக்குத் துப்பாக்கியும் பயிற்சியும் கிடைத்தன. தலைமையோ அமெரிக்கத் தளபதி ஸ்டில்வெல்லுக்கு! கொடுத்தவன் கையில்தானே கடிவாளம்?

நாமும் பட்டறிந்தோம். 1962-இல் சீனப் போரின்போது வந்த அமெரிக்க ஆயுத உதவி, 1965-இல் பாகிஸ்தான் போரின்போது நிறுத்தப்பட்டது. அதே 1965-இல் ஆவடித் தொழிற்சாலை விஜயந்தா டாங்கியைத் தரத் தொடங்கியது. வரைபடம் பிரிட்டனுடையது, வியர்வை நம் தொழிலாளியுடையது.

அந்தத் தொழிற்சாலையை நாம் காக்கிறோமா? 2021 அக்டோபரில் படைத்தளவாடத் தொழிற்சாலைகளை ஒன்றிய அரசு 7 கம்பெனிகளாக்கியது. திருநின்றவூரில் ரயிலேறி ஆவடிக்கு வேலைக்குப் போகும் தோழனுக்கு நாளைய உறுதி என்ன? கேட்கிறோம். அவன் கை ஓய்ந்தால் நாடு மீண்டும் அயலான் வாசலில்தான் நிற்கும். இரவல் சோறு பஞ்சம் தாங்குமா?