ஏழையின் இரத்தத்திற்கும் சரியான அளவுகோல் வேண்டும்

"ஒன்றுமே இல்லாத ஊரில் இதுவாவது இருக்கிறதே!" அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் மண்ணில் எதைப் பற்றிக் குறை சொன்னாலும் நமக்குத் தரப்படும் ஆறுதல் இது. இரத்தச் சர்க்கரைச் சோதனைக்கும் இதே ஆறுதல்தான் கூறப்படுகிறது. ஆனால், தவறான எண் ஒன்றுமில்லாமையைவிட மேலானதா என்று நாம் கேட்டாக வேண்டும்.

சோதனை பரவியது நன்றே. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் அதனை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் அறிவித்தது. ஓசையின்றிக் கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் இந்நோயைத் தேடிக் கண்டறிய வேண்டியதுதான். குறை சோதனையில் இல்லை; விரல்நுனித் துளி காட்டும் எண்ணையே இறுதித் தீர்ப்பாகக் கொள்வதில் இருக்கிறது.

குளுக்கோமீட்டருக்கென 2013இல் வகுக்கப்பட்ட உலகத் தர விதி, 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள அளவுகளில் நூற்றுக்குப் பதினைந்து வரை கூடவோ குறையவோ இடம் தருகிறது. வெறும் வயிற்றில் 126 என்பது நீரிழிவின் எல்லை. உண்மையில் 126 உள்ளவருக்கு நல்ல கருவியே 107 என்றும் காட்டலாம், 145 என்றும் காட்டலாம். முன்னவர் நோயில்லை என வீடு திரும்புவார்; பின்னவர் நோயாளி ஆகிவிடுவார்.

இதுவும் கருவி நல்ல நிலையில் இருந்தால்தான். சோதனைப் பட்டைகள் பலவற்றை 30 பாகைக்கு மேற்படாத வெப்பத்தில் வைக்க வேண்டும். கத்திரி வெயிலில் தோள்பையில் ஊர் ஊராய்ச் சுற்றும் பட்டைக் குப்பிக்கு அந்த நிழலைத் தருபவர் யார்? பழம் உரித்த கையைக் கழுவாமல் குத்தினாலும் எண் ஏறும். இரத்தசோகை உள்ளவருக்குப் பல கருவிகள் கூட்டியே காட்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையும் இரும்புச்சத்துக் குறைவால் உயர்ந்து தெரியலாம். தமிழகப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர்க்கு இரத்தசோகை உண்டு என்பதை நினைவில் கொள்வோம்.

நரம்பிலிருந்து எடுத்த இரத்தத்திற்கோ எதிர்மாறான ஆபத்து. குழாயில் பிரிக்கப்படாது கிடக்கும் இரத்தத்தின் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு வரை அது குறையும். வெப்பம் மிகுந்தால் இன்னும் விரையும். கிராமத்தில் காலையில் எடுத்து, பேருந்தேறி நகரத்து ஆய்வகம் சென்று, நண்பகலில் சோதிக்கப்படும் இரத்தம் நோயை மறைத்துவிடலாம்.

இதன் விலையைக் கொடுப்பவர் யார்? கூட்டிக் காட்டிய எண்ணை நம்பி, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையின் அளவை உயர்த்திவிட்டால், அரை வயிற்றோடு கரிமூட்டம் போடச் செல்லும் தாய் வெயிலில் மயங்கி விழுவாள். "வெயில் தாங்கவில்லை" என்பார்கள். குறைத்துக் காட்டிய எண்ணை நம்பிய நெசவாளி, கால்புண் ஆறாதபோதுதான் மருத்துவமனைப் படியேறுவார். நகரத்தில் வசதியுள்ளவர் மறுசோதனை செய்துகொள்வார். ஒரு நாள் கூலியை இழந்து வருபவருக்கு முதல் எண்ணே முடிந்த எண்.

"ஏழைக்கு இலவசமாகக் கொடுப்பதில் இத்தனை நுணுக்கம் பார்க்க முடியுமா?" என்பாரும் உளர். பொய்த் தராசைத் திருநூல் வெறுக்கிறது என அறிந்த நாம் இதனை ஏற்கலாகாது. நாம் கேட்பவை அரியவை அல்ல. விரல்நுனிச் சோதனை ஐயத்தை எழுப்பட்டும். நரம்பு இரத்தச் சோதனை, தேவையெனில் மற்றொரு நாளிலும், அதனை உறுதி செய்யட்டும். கருவிகள் சரிபார்ப்புக் கரைசலால் முறையாகச் சோதிக்கப்பட்டு, அது பதிவேட்டில் எழுதப்படட்டும். இரத்தம் எடுத்த நேரமும் சோதித்த நேரமும் அறிக்கையில் அச்சாகட்டும்.

நம் பங்குகளில் நடக்கும் இலவச முகாம்களிலிருந்தே இதனைத் தொடங்குவோம். பட்டையின் காலாவதி நாளைக் கேட்பதும், கை கழுவத் தண்ணீர் வைப்பதும், முகாமில் உயர்ந்த எண் கண்டவரை மறுசோதனைக்கு அழைத்துச் செல்வதும் நம்மால் இயலாதவை அல்லவே!