மலையேறாத நூலகங்கள்

நூலகத்தைக் கொடையென்று கருதுவோர் நம்மிடையே மிகுந்துள்ளனர். அரசு மனமிரங்கித் திறந்தால் மகிழ்வதும், மூடிவிட்டால் விதியென்று வாளாவிருப்பதும் அவர்தம் இயல்பு. இக்கருத்து அடியோடு தவறானது. தமிழகத்தில் பொது நூலகம் எவருடைய கொடையுமன்று; மக்கள் வரி கொடுத்துப் பெற்ற உரிமை. அவ்வுரிமை பழனி மலைத்தொடரில் வாழ்வோர்க்கு எவ்வளவு கிட்டியிருக்கிறது என்று கேட்பதே இங்கு நம் நோக்கம்.

1948ஆம் ஆண்டில் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதனின் பல்லாண்டு முயற்சியும், அன்றைய கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியாரின் துணையும் சேர்ந்து உருவாக்கிய சட்டம் அது. விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வகைச் சட்டங்களுள் அதுவே முதலாவது. அதன் உயிர்நாடி நூலக வரி. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் இன்று அவ்வரி பெறப்படுகிறது. நகராட்சியும் ஊராட்சியும் அதனை வாங்கி மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம்.

கொடைக்கானல் ஏரிக்கரையில் விடுதி நடத்தும் செல்வரும் இவ்வரிக்கு உட்பட்டவர். பூம்பாறையில் பூண்டு விளைவிக்கும் உழவரும் உட்பட்டவர். ஆக, வரி தவறாமல் மலையேறிச் சென்று வாங்கப்படுகிறது. நூல் மட்டும் மலையேறத் தயங்குவானேன்?

‘கொடைக்கானலில் கிளை நூலகம் இருக்கிறதே’ என்பார்கள். இருக்கிறது, வரவேற்கிறோம். ஆனால் கொடைக்கானல் என்பது ஏரியும் கடைத்தெருவும் மட்டுந்தானா? மேல்மலையில் மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி, கிளாவரை. கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர். காட்டோரங்களில் பளியர் குடியிருப்புகள். மன்னவனூரிலிருந்து கொடைக்கானலுக்கு முப்பது கிலோமீட்டருக்கும் மேல் மலைப்பாதை. ஒரு மாணவி அங்கு சென்று நூல் எடுத்துத் திரும்பினால் ஒரு பகல் கழிந்துவிடும். இதனை நூலக வசதி என்று கூறுவது எங்ஙனம் பொருந்தும்?

சுற்றுலா நகரங்களுக்கென்று ஒரு தனிக்குறையும் உண்டு. அங்கே பிரையண்ட் பூங்காவிற்குக் கட்டணம், கோக்கர்ஸ் வாக்கிற்குக் கட்டணம், படகிற்குக் கட்டணம், தேநீர் வாங்காமல் கடையில் அமர இயலாது. மழையிலும் பனியிலும் ஓர் ஏழைச் சிறுவன் காசின்றி நுழைந்து, எவரும் எழுந்து போகச் சொல்லாமல் இரண்டு மணி நேரம் இருக்கக்கூடிய பொதுக்கூரை நூலகம் ஒன்றே. விருந்தினருக்காக ஊரையே அலங்கரிக்கும் நாம், ஊராருக்காக ஒரு நல்ல அறையை ஒழுங்குபடுத்த மாட்டோமா?

இனி, ‘கைபேசி வந்தபின் நூலகம் எதற்கு?’ என்று வினவும் அறிவாளர்களுக்கு ஒரு சொல். 1980களில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலிருந்து வெப்பமானித் தொழிற்சாலையொன்று பெயர்த்தெடுக்கப்பட்டுக் கொடைக்கானலில் நிறுவப்பட்டது. உள்ளூர்த் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் பாதரசத்தோடு புழங்கினர். பாதரசம் கலந்த கழிவு பழைய பொருட்கடையில் குவிந்து கிடந்தது வெளிப்பட்ட பின்னர், 2001ஆம் ஆண்டில் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு உடன்பாடு ஏற்பட 2016 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பாதரசம் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பது அந்நாளில் உலகறியாத இரகசியமா? அன்று, நூல்களில் அச்சேறிக் கிடந்த செய்தியே. அச்செய்தி தமிழில், தொழிலாளி நடந்து செல்லும் தொலைவில், எடுத்துக் காட்டும் நூலகரோடு இருந்ததா என்பதே வினா. நூலகம் இருந்திருந்தால் தீங்கே நேர்ந்திராது என்று நாம் வாதிடவில்லை. அறியாமை நீடிப்பதால் யாருக்கு இலாபம் என்பதை மட்டும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறோம். இன்று கைபேசி கடலளவு செய்தியைக் கொட்டுகிறது. அதில் மெய்யைத் தெரிந்தெடுத்துத் தருவதற்கு ஆள் வேண்டும். அந்த ஆளே நூலகர்.

நூலகம் வளர்கின்ற உயிர் என்னும் கருத்தை 1931இலேயே தம் ஐந்து விதிகளுள் இறுதியாக வைத்தார் இரங்கநாதன். வளரும் உயிர் நின்ற இடத்திலேயே நிற்குமா? தேர்வுக்குப் படிப்போர்க்கு அமைதியான இருக்கை, விண்ணப்பம் அனுப்ப ஒரு கணினி, பெண்கள் தயக்கமின்றி வந்து அமரும் சூழல், முதியோர்க்கு நாளிதழ் என இன்றைய நூலகத்தின் பணிகள் விரிந்துள்ளன. மலைக்கு இன்னொரு பணியும் உண்டு. அது மலையின் நினைவைக் காப்பது.

கொடைக்கானல் வானாய்வகத்தில் சூரியனின் படங்கள் நூறாண்டுக்கு மேலாகத் தொகுத்துப் பேணப்படுகின்றன. பழனி மலைக் கல்திட்டைகளை ஆராய்ந்து ஆங்கிலேடு, நியூட்டன் என்னும் இரு பாதிரிமார் எழுதிய ஆங்கில நூலை 1928இல் தொல்லியல் துறை வெளியிட்டது. மலையின் தாவரங்களைப் பற்றிய மாத்யூ பாதிரியாரின் ஆங்கிலப் பெருநூல் 1999இல் வந்தது. போற்றத்தக்க உழைப்பு! ஆயினும், தன் தோட்டத்தருகே கல்திட்டையைக் காணும் தாண்டிக்குடிச் சிறுவன் அதன் வரலாற்றைத் தமிழில் எங்கே படிப்பான்? பளியர் முதியவர் அறிந்த தேனடையும் மூலிகையும் எவ்வேட்டில் ஏறும்? சூரியனுக்குக் குறிப்பேடு வைத்திருக்கும் ஊர், தன் மக்களுக்கு ஒன்று வைக்கலாகாதா?

நம் தலைநகரப் பற்றையும் இங்குச் சுட்டாமல் இருக்க முடியவில்லை. 2010இல் சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம் எழுந்தது. மறு ஆண்டே அதனை மருத்துவமனையாக்க அரசு முனைந்தபோது அறிஞர் கொதித்தனர், நீதிமன்றம் தடுத்தது. நன்று. 2023இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. அதுவும் நன்று. ஆனால் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் 2006 முதல் ஊராட்சிதோறும் கட்டப்பட்ட சிறு நூலகங்களில் பல பூட்டிக் கிடந்தபோது கொதித்தவர் எத்தனை பேர்? 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானதற்காக இன்றும் கண்ணீர் வடிக்கிறோம். பூட்டிய அறையில் கரையான் தின்னும் நூலும் அழிந்த நூல்தானே!

‘மலைக்கு நூலகம் கொண்டுசெல்வது கடினம்’ என்பது பொருந்தாச் சாக்கு. 1931இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பினர் நம் முன்னோர். மாட்டுவண்டியால் இயன்றது மோட்டார் வண்டியால் இயலாதா? வாரம் ஒருமுறை மேல்மலைக்கும் ஒருமுறை கீழ்மலைக்கும் நடமாடும் நூலகம் செல்லட்டும். தோட்டவேலை முடிந்து மக்கள் திரும்பும் மாலைப்பொழுதில் ஊர்ப்புற நூலகம் திறந்திருக்கட்டும். மலையைப் பற்றிய நூல்கள் தமிழாக்கப்பட்டு ஒரு தனி அடுக்கில் இடம் பெறட்டும். மலையேறும் சுற்றுலா வண்டிகளை எண்ண 2024 மே மாதம் மின் அனுமதிச் சீட்டு முறையைக் கொண்டுவர முடிந்த அரசுக்கு, நூலின்றி இருக்கும் மலையூர்களை எண்ணுவது பெரிய காரியமன்று.

மலைவாழ் மக்களுக்கும் ஒன்று சொல்வோம். கிராமசபை கூடும்போது எழுந்து நின்று கேளுங்கள்: நம் ஊரில் நூலக வரியாக வாங்கிய தொகை எவ்வளவு? அதனை ஆணைக்குழுவிடம் செலுத்தியாயிற்றா? நம் ஊருக்குத் திரும்பி வந்த நூல்கள் எத்தனை? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை தரும் கடமை ஊராட்சிக்கு உண்டு. கேட்பவர் இரவலர் அல்லர், வரி கொடுத்தவர்.