தேக்கா வாழைப்பழமும் மெக்ரிட்சி குரங்கும்

ஊரிலிருந்து பெரியம்மா வந்திருந்தார். சனிக்கிழமை காலை தேக்கா சந்தையில் காய்கறி வாங்கியபோது ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டார். கோயிலுக்கு என்று நினைத்தேன். மாலையில் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தில் இறங்கியதும் பையைத் திறந்தார். “குரங்குகள் எந்தப் பக்கம்? இன்றைக்கு ஆஞ்சநேயருக்கு உகந்த நாள்.”

“வேண்டாம் பெரியம்மா, இங்கே அபராதம்” என்றேன். 2020 ஜூன் முதல், வனவிலங்குகளுக்கு உணவு கொடுத்து முதன்முறை பிடிபட்டாலே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். அவர் முகம் வாடிவிட்டது. “வாயில்லா ஜீவனுக்கு ஒரு பழம் கொடுப்பது குற்றமா?”

பதில் சொல்வதற்குள் நீண்டவால் குரங்கு ஒன்று இறங்கி வந்து பிளாஸ்டிக் பையையே பார்த்தது. என் மகன் பல்லைக் காட்டிச் சிரித்தபடி கைப்பேசியை நீட்டினான். குரங்குக்குப் பல்லைக் காட்டுவதும் கண்ணுக்குக் கண் முறைப்பதும் சண்டைக்கு அழைப்பது போல. அது சீறியது. பையை மறைத்துக்கொண்டு, ஓடாமல், மெல்லப் பின்வாங்கினோம்.

வீடு திரும்பும் வழியில் பெரியம்மாவிடம் சொன்னேன். பழம் கொடுத்துப் பழக்கினால், குரங்கு மனிதனைக் கண்டு அஞ்சாது. அடுத்து வரும் குழந்தையின் கையிலிருந்து பிடுங்கும். புகார் போகும். 2013இல் மட்டும் இங்கே 500க்கும் மேற்பட்ட குரங்குகள் கொல்லப்பட்டன. நாம் புண்ணியம் என்று கொடுப்பதற்கு, உயிரை விடுவது அதுதான்.

ருவாண்டா, உகாண்டா காடுகளில் மலைக் கொரில்லாக்களைப் பார்க்கப் போகும் சுற்றுப்பயணிகளுக்கும் இதே பாடம்தான். ஒரு குழுவில் எட்டுப் பேர், ஒரு மணி நேரம் மட்டும். முன்பு ஏழு மீட்டராக இருந்த இடைவெளி இப்போது பத்து மீட்டர். சளி, இருமல் இருந்தால் அனுமதி இல்லை. கொரில்லா நம்மை அடித்துவிடும் என்ற பயம் மட்டும் காரணமல்ல. நமக்குச் சாதாரணமான சளி அதன் உயிரையே பறிக்கலாம்.

பெரியம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியென்றால் பெருமாள் கோயிலுக்கு விடு” என்றார். சிராங்கூன் சாலையில் இறங்கி, அந்தச் சீப்பை ஆஞ்சநேயர் சன்னிதியில் கொடுத்தோம்.

விடுமுறைக்கு விருந்தினர் வரும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள்: பூங்காவுக்குக் கிளம்புமுன் பைகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.