பொன்னாச்சி புரண்டு படுத்தார்

ஸ்ரீரங்கத்தில் இராமானுசர் ஸ்ரீபாஷ்யத்தைச் சொல்லச் சொல்ல, கூரத்தாழ்வான் ஓலையில் எழுதினார். உடன்பாடில்லாத இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும் என்பது குருவின் கட்டளை. அறிவதே ஆன்மாவின் இயல்பு என்று குரு சொன்னார். அது இறைவனுக்கு உரியது என்பதைச் சொல்லவில்லை. சீடர் எழுத்தாணியை நிறுத்தினார். சினந்த குரு, பிறகு யோசித்து ஏற்றுக்கொண்டார். குருபரம்பரைக் கதை இது. கருத்துச் சுதந்திரத்துக்கு உதாரணமாக இதை எனக்கு வகுப்பில் சொன்னார்கள்.

அதே பரம்பரையில் உறையூர்ப் பொன்னாச்சியும் உண்டு; பிள்ளை உறங்காவில்லி தாசரின் துணைவி. அவர் தூங்கும்போது நகைகளைக் கழற்றிவர இராமானுசர் சீடர்களை அனுப்பினார். விழித்துக்கொண்ட பொன்னாச்சி, மறுபக்கத்து நகைகளையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று புரண்டு படுத்தார். வந்தவர்கள் பயந்து ஓடிவிட்டார்கள். தாசர் கடிந்துகொண்டார்: நான் கொடுக்கிறேன் என்ற அகந்தை உனக்குப் போகவில்லை, அசையாமல் கிடந்திருக்க வேண்டும்.

அவரைப் போற்றத்தான் இந்தக் கதையைச் சொல்கிறார்கள், தெரியும். ஆனாலும் கேட்கிறேன். ஆணின் கை நின்றால் தத்துவம், பெண்ணின் உடல் புரண்டால் அகந்தையா? ஆண், பெண் என்ற பேதம் உடலுக்குத்தான், ஆன்மாவுக்கு இல்லை. இறைவனின் அனுமதியோடு செயல்படும் கர்த்தா ஆன்மாவே. இரண்டும் இராமானுசர் சித்தாந்தம். அப்படியானால் புரண்டு படுத்தது யார்?

ஐரோப்பாவும் பெரிதாக வேறில்லை. உருவமற்ற மனம் உடலை எப்படி அசைக்கும் என்று 1643இல் தெகார்த்துக்குக் கடிதம் எழுதிக் கேட்டவர் போஹீமிய இளவரசி எலிசபெத். மனம் பற்றிய தத்துவத்தின் மையக் கேள்வி அது. நான் படித்த பாடநூலில் கேள்வி இருந்தது. கேட்டவர் பெயர் இல்லை.

திருச்சியில் ஒரு கல்லூரி நேர்காணலுக்குப் போனேன். மனமும் உடலும் பற்றிய என் ஆய்வேட்டை யாரும் புரட்டவில்லை. "குழந்தையை யாரும்மா பார்த்துப்பாங்க?" என்றார்கள். "வெளியே உட்கார்ந்திருக்கிற ஆண்களிடமும் இதைக் கேட்பீர்களா?" என்றேன். வேலை கிடைக்கவில்லை. திமிர் பிடித்தவள் என்று பேசிக்கொண்டதாகப் பிறகு தெரிந்தது. அகந்தைக்குப் பேச்சுவழக்கில் அதுதான் பெயர்.

தத்துவப் பேராசிரியர் ஆவதற்கு மூளை மட்டும் போதாது. மறுத்துப் பேசினால் அதை வாதமாக எடுத்துக்கொள்ளும் சபை வேண்டும். அந்தச் சபை ஆண்களுக்குப் பிறப்பிலேயே கிடைக்கிறது. நமக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கிறது.

பொன்னாச்சியைப் பக்திக் கதையிலிருந்து எடுத்து, செயல் பற்றிய தத்துவப் பாடத்தில் வையுங்கள். அந்தக் கேள்விக்கு மேலே எலிசபெத்தின் பெயரை எழுதுங்கள். மாணவிகளே, உடன்பாடில்லாத இடத்தில் பேனாவைக் கீழே வையுங்கள். ஏன் என்று கேட்டால், காரணத்தைச் சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டாம்.